ஹேக் நீதிமன்றத்தில் ஒரு பிரம்மாஸ்திரம்

1996 ஜூலை 8 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் ஓர் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. அணுவாயுதத்தைப் பயன்படுத்துவதும், பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதும் எந்தச் சூழலிலாவது சட்டப்படி செல்லுமா என்று ஐ.நா. பொதுச்சபை 1994 டிசம்பரில் கேட்டிருந்தது. அதற்கான பதில் அது. பதிலின் நீளம் 40 பக்கம் சொச்சம். கூடவே வந்த ஒரே ஒரு நீதிபதியின் மாறுபட்ட கருத்து மட்டும் 100 பக்கங்களைத் தாண்டியது. ஹிரோஷிமா, கதிரியக்கம், ஹேக் உடன்படிக்கைகள், ஜெனீவா ஒப்பந்தங்கள் என்று எதிர்பார்க்கக்கூடிய எல்லாம் அதில் இருந்தன. நடுவில் இலக்குவனும் இருந்தான்.

ஓர் இனத்தையே பூண்டோடு அழிக்கும் கணையை எடுக்க இலக்குவன் நினைக்கிறான். போரிடாதவர்களும் சேர்ந்து சாவார்கள், அது கூடாது என்று இராமன் தடுக்கிறான். பாசுபதாஸ்திரம் கையில் இருந்தும் அர்ஜுனன் அதைத் தொடவில்லை. இந்த இரண்டையும் எடுத்துக்காட்டி, அளவு மீறி அழிக்கும் ஆயுதத்துக்கு எதிரான எண்ணம் 1945க்குப் பிறகு முளைத்ததல்ல என்று எழுதியவர் இலங்கை நீதிபதி கிறிஸ்டோபர் கிரெகரி வீரமந்திரி. அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சட்டப் பேராசிரியராக இருந்தவர்.

தீர்ப்பில் இதிகாசத்துக்கு என்ன வேலை? நம் பக்கத்து நீதிமன்றங்களில் குறளும் கீதையும் மேற்கோளாக வருவது புதிதில்லை. பெரும்பாலும் அவை கடைசியில் கொட்டும் தாளிதம்தான். எடுத்துவிட்டாலும் குழம்பு குழம்பாகவே இருக்கும். வீரமந்திரியின் எழுத்தில் அப்படி எடுத்துவிட முடியாது. மத நூல்களை அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். எதற்குச் சாட்சி என்பதைப் புரிந்துகொள்ள, அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும்.

1926 நவம்பர் 17இல் கொழும்பில் பிறந்தார். படித்தது கொழும்பு றோயல் கல்லூரியில். 1948இல், இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், அட்வகேட் ஆனார். அன்றைய இலங்கையில் சட்டம் படிப்பது என்றால் ஐந்து வீடுகளின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்வது மாதிரி. பொதுவான சிவில் சட்டம் டச்சுக்காரர்கள் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம். வணிகத்துக்கு ஆங்கிலச் சட்டம். மலைநாட்டுச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம். முஸ்லிம்களின் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் முஸ்லிம் சட்டம். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துக்குத் தேசவழமை. 1707இல் டச்சு அதிகாரி ஒருவர் ஊர் வழக்கங்களைத் தொகுத்து எழுதியது அது. ஒரே தெருவில் அடுத்தடுத்த மூன்று வீடுகளில் அப்பா இறந்தால் சொத்து மூன்று விதமாகப் பிரியும். இப்படி ஒரு நாட்டில் தொழில் கற்றவருக்கு, சட்டம் ஒரே ஊற்றிலிருந்து மட்டும்தான் வரும் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரத்தானே செய்யும்?

அவருடைய முதல் பெரிய நூலில் மதமும் இல்லை, அறவியலும் இல்லை. 1967இல் வந்த இரண்டு தொகுதிகள், ஒப்பந்தச் சட்டம் பற்றியவை. கடன், உத்தரவாதம், வாக்கு மீறல். ரோமன் டச்சு மரபின் ஒப்பந்தச் சட்டத்தை முழுசாக விரித்து எழுதிய வேலை. அதே ஆண்டில் இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியானார், வயது 40. ஐந்தே ஆண்டுகளில் அந்தப் பதவியை விட்டுவிட்டு 1972இல் ஆஸ்திரேலியா போனார். மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உச்ச நீதிமன்ற இருக்கையிலிருந்து இறங்கி வகுப்பறைக்குப் போகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் பயணம் எதிர்த்திசையில்தான் இருக்கும்.

மொனாஷில் இருந்த 1972 முதல் 1991 வரையிலான காலத்தில் அவர் எழுதியவற்றின் தலைப்புகளை வரிசையாகப் பார்த்தால், இந்த மனிதருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதோ என்று தோன்றும். சமத்துவமும் சுதந்திரமும் மூன்றாம் உலகின் கண்ணில் எப்படித் தெரிகின்றன என்று ஒரு நூல். ஜப்பானில் மனித உரிமைகள் பற்றி ஒன்று. தென்னாப்பிரிக்க நிறவெறி பற்றி 1980இல் ஒன்று. இதில் ஒரு சின்ன விந்தை உண்டு: நிறவெறி அரசின் சட்டமும் அதே ரோமன் டச்சு மரபுதான். கொழும்பில் கடன் பத்திரத்துக்குப் பயன்படும் அதே பாட்டன் சொத்து, கேப் டவுனில் மனிதரைத் தோல் நிறத்தால் பிரிக்கும் அரசுக்கும் அடித்தளமாக இருந்தது. ஒப்பந்தச் சட்ட நிபுணர் ஒருவர் அரசு, அதிகாரம், உரிமை என்கிற பொதுச்சட்டத்தின் பக்கம் திரும்ப இதைவிட நேரான பாதை இல்லை என்றே எனக்குப் படுகிறது.

1983இல் எழுதிய நூலில் அறவியலும் சேர்ந்துகொண்டது. சட்டக்காரர்களைத் தூங்கி வழியும் காவலாளிகள் என்று அதில் வர்ணித்தார். கணினி, மரபணு, கண்காணிப்புக் கருவிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, வாசலில் நிற்க வேண்டியவன் கண் அசந்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, அணுவாயுதம் செய்யும் விஞ்ஞானிக்குச் சட்டப் பொறுப்பு உண்டா என்று தனி நூல். அப்புறம் 1988இல் இஸ்லாமிய நீதியியல் பற்றி ஒரு நூல். எழுதியவரோ கிறிஸ்தவர். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ஹியூகோ குரோஷியஸ் போரும் அமைதியும் பற்றிய தன் நூலை வெளியிட்டது 1625இல். அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாக்தாத் கலீஃபாக்களின் காலத்தில், அல்-ஷைபானி என்ற அறிஞர் போர், தூதர், உடன்படிக்கை, கைதிகள் பற்றிய விதிகளைத் தனி நூலாக எழுதிவிட்டார். இந்தப் பின்னணியைச் சட்ட மாணவனிடமிருந்து ஏன் மறைக்கிறீர்கள் என்பதுதான் அந்த நூலின் உள்ளடங்கிய கோபம்.

ஒப்பந்தம், அரசு, தொழில்நுட்பம், மதம். சுற்றித் திரிந்ததுபோல் தெரிந்தாலும் இவை எல்லாவற்றுக்கும் கீழே ஒரே கேள்விதான் ஓடுகிறது. அது சர்வதேச நீதிமன்றத்தின் விதிநூலிலேயே இருக்கிறது. நீதிமன்றம் எந்தெந்த ஆதாரங்களைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாம் என்று அதன் 38ஆம் விதி வரிசைப்படுத்துகிறது. உடன்படிக்கை ஒன்று, நாடுகளின் வழக்கம் இன்னொன்று. மூன்றாவதாக, 'நாகரிகமடைந்த நாடுகள்' ஏற்றுக்கொண்ட பொதுவான சட்டக் கொள்கைகள். நாகரிகமடைந்த நாடுகள் என்றால் யார்? அந்தத் தொடர் எழுதப்பட்ட 1920இல் ஆசியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய காலனி. 'நாகரிகம்' என்ற சொல் ஐரோப்பாவின் முகவரியாகத்தான் புழங்கியது. ஆனால் அதே விதிநூலின் 9ஆம் விதி வேறொன்றையும் சொல்கிறது: நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது உலகின் முக்கிய நாகரிக வடிவங்கள் எல்லாம் நீதிமன்றத்தில் இடம்பெற வேண்டும்.

வீரமந்திரி இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தார். பல நாகரிகங்களின் ஆட்களை வரவழைத்து உட்கார வைத்துவிட்டு, ஒரே நாகரிகத்தின் புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்தால் அந்த வரவழைப்புக்கு என்ன பொருள்? பௌத்தம், இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம், ஆப்பிரிக்க மரபுகள் எல்லாவற்றிலும் ஒரு கொள்கை கிடைக்கிறது என்றால், அது 'நாகரிகமடைந்த நாடுகள்' ஏற்ற கொள்கை என்று சொல்ல அதைவிட வலுவான சாட்சியம் வேறு எது? கூண்டில் ஏறிய மத நூல்களிடம் அவர் கடவுளைப் பற்றிக் கேட்கவே இல்லை. உங்கள் ஊரில் இது தவறு என்று எப்போதிலிருந்து கருதினார்கள் என்று மட்டும் கேட்டார்.

இந்த வாதம் புத்தகத்திலிருந்து மண்ணுக்கு இறங்கியது நவுறுத் தீவில். பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தீவு அது. நிலம் முழுக்கப் பாஸ்பேட். ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து மூன்றும் முதலில் ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகள் கழகத்தின் பெயரிலும் பிறகு ஐ.நா.வின் அறங்காவல் ஏற்பாட்டிலும் தீவை நிர்வகித்தன. பாஸ்பேட்டை வெட்டித் தங்கள் வயல்களுக்கு உரமாக எடுத்துக்கொண்டன. 1968 ஜனவரி 31இல் சுதந்திரம் கிடைத்தபோது தீவின் நடுவில் பெரும் பரப்பு வெறும் சுண்ணாம்புக்கல் முட்களாக நின்றது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருக்கு என்று விசாரிக்க நவுறு அரசு 1986இல் ஓர் ஆணையம் அமைத்தது. தலைவராக அழைக்கப்பட்டவர் மெல்பேர்னில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வீரமந்திரி.

அறங்காவலன் என்ற சொல்லை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறுவனின் சொத்தைப் பாதுகாக்க வந்தவன் தென்னந்தோப்பை வெட்டி விற்றுவிட்டு, பையன் வயதுக்கு வந்ததும் வெறும் நிலத்தைக் கையில் கொடுத்தால் எந்த ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளும்? சுதந்திரத்துக்கு முன் வெட்டப்பட்ட நிலங்களைச் சீரமைக்கும் பொறுப்பு அந்த மூன்று நாடுகளுக்கே என்று 1988இல் ஆணையம் அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டே நவுறு ஆஸ்திரேலியாவை ஹேக்கில் வழக்கில் இழுத்தது. வழக்கை விசாரிக்கவே கூடாது என்று ஆஸ்திரேலியா எழுப்பிய பூர்வாங்க ஆட்சேபங்களில் பெரும்பாலானவை 1992இல் தள்ளுபடி ஆயின. 1993இல் 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் முடிந்தது. இதற்கிடையில் 1991இல் வீரமந்திரி அதே நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போய்விட்டார். ஆணையத் தலைவராக இருந்தவர் என்பதால் அந்த வழக்கில் அவர் உட்காரவில்லை.

ஆஸ்திரேலியாவோடு அவருக்கு இன்னொரு சந்திப்பும் இருந்தது. கிழக்குத் திமோரை இந்தோனேசியா பிடித்து வைத்திருந்த காலத்தில், அங்குள்ள கடலடி எண்ணெயைப் பங்கிட இந்தோனேசியாவோடு ஆஸ்திரேலியா 1989இல் ஒப்பந்தம் போட்டது. அதை எதிர்த்துப் போர்ச்சுகல் வழக்குத் தொடுத்தது. இந்தோனேசியா இல்லாமல் இதை விசாரிக்க முடியாது என்று 1995இல் நீதிமன்றம் 14க்கு 2 என்ற கணக்கில் ஒதுங்கிக்கொண்டது. அந்த இருவரில் ஒருவர் வீரமந்திரி. 19 ஆண்டுகள் சோறு போட்ட நாட்டுக்கு எதிரான பக்கம்.

சரி, அணுவாயுத வழக்குக்கு வருவோம். அவருடைய முறை எவ்வளவு தூரம் போகும், எங்கே தடுக்கும் என்பது இரண்டும் இங்கேதான் தெரியும்.

அணுவாயுதத்தைப் பெயர் சொல்லித் தடை செய்யும் உலகளாவிய உடன்படிக்கை எதுவும் 1996இல் இல்லை. தடை இல்லாதது அனுமதிக்கப்பட்டது என்பது அணுவாயுத நாடுகளுக்குச் சாதகமான வாதம்; அதற்கு 1927ஆம் ஆண்டின் 'லோட்டஸ்' கப்பல் வழக்கை முன்னோடியாகக் காட்டுவார்கள். இதை எதிர்கொள்ள ஒரு பழைய கதவு இருந்தது. 1899இல் ஹேக் மாநாட்டில் ரஷ்யப் பிரதிநிதி மார்ட்டென்ஸ் முன்வைத்த பிரிவு அது. உடன்படிக்கையில் எழுதப்படாத இடங்களிலும் மனிதநேயத்தின் விதிகளும் பொது மனச்சாட்சியின் கட்டளைகளும் மக்களைக் காக்கும் என்று அது சொல்கிறது. மனச்சாட்சி என்ற சொல் ஒருமுறை சட்டத்துக்குள் வந்துவிட்டால், அது யாருடைய மனச்சாட்சி, அதை எங்கே போய்த் தேடுவது என்ற கேள்வியும் கூடவே வரும். வீரமந்திரி அந்தக் கதவைத் திறந்தார். உள்ளே வரிசையாக வந்தவர்கள்: இராமனும் இலக்குவனும், நஞ்சு தோய்ந்த ஆயுதத்தை விலக்கிய இஸ்லாமிய மரபு, குறுக்குவில்லைக் கடவுளுக்கு வெறுப்பான கருவி என்று 1139இல் தடை செய்த கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் லாத்தரன் சங்கம், பௌத்தம், ஆப்பிரிக்க வழக்காறுகள். இவர்களோடு, உலகெங்கும் சாதாரண மக்கள் போட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பிய லட்சக்கணக்கான கையொப்பங்களையும் மனச்சாட்சிக்கான சாட்சியமாகவே அவர் வைத்தார்.

இனி வாக்கெடுப்பு. நீதிபதி ஒருவர் இறந்துவிட்டதால் 14 பேர். அணுவாயுதப் பயன்பாடு பொதுவாகப் போர்ச்சட்டத்துக்கு முரணானது. ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்தில் இருக்கும் உச்சமான தற்காப்பில் அது சட்டப்படி சரியா தவறா என்று தீர்மானமாகச் சொல்ல இயலவில்லை. இந்த வாசகத்துக்கு 7க்கு 7. தலைவர் பெஜாவி தன் இரண்டாவது வாக்கைப் போட்டு நிறைவேற்றினார். எதிர்த்த ஏழு பேரும் ஒரே பக்கத்தினர் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர்களில் மூவர் இந்த வாசகம் போதவே போதாது, தடை முழுமையானது என்று எதிர்த்தவர்கள்: கயானாவின் சகாபுதீன், சியரா லியோனின் கொரோமா, அப்புறம் வீரமந்திரி. எந்தச் சூழலிலும், எந்த விதிவிலக்கும் இன்றிச் சட்டவிரோதம் என்பது அவர் முடிவு. அணுவாயுதப் பயன்பாடு சட்டவிரோதம் என்று அதே வழக்கில் எழுத்துமூலம் வாதிட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1998 மேயில் பொக்ரான்.

இப்போது குறுக்கு விசாரணை. சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் எதிர்த்தரப்பும் கேள்வி கேட்கும் அல்லவா? லாத்தரன் சங்கத்தின் விதியை முழுதாகப் படித்தால், குறுக்குவில்லைக் கிறிஸ்தவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தாதே என்றுதான் இருக்கிறது. மற்றவர்கள் மீது? விதி பேசவில்லை. அந்தத் தடையையும் யாரும் பொருட்படுத்தவில்லை. 60 ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்ட் அரசரே குறுக்குவில் அம்பு பட்டுத்தான் செத்தார், எய்ததும் ஒரு கிறிஸ்தவன். மகாபாரதத்தில் அர்ஜுனன் பாசுபதத்தைத் தொடவில்லை, சரி. அசுவத்தாமன் ஏவிய அஸ்திரம் உத்தரையின் கருவைத் தேடிப் போனதும் அதே மகாபாரதம்தானே?

தமிழில் படித்தவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கம்பனின் யுத்த காண்டத்தில் இலக்குவன் பிரம்மாஸ்திரத்தை எடுக்க நினைக்கும்போது, அது ஒருவனோடு நிற்காது, மூன்று உலகையும் சுட்டுவிடும் என்று இராமன் தடுக்கிறான். வீரமந்திரிக்கு வேண்டிய வாதம் அப்படியே இருக்கிறது. ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. இவர்கள் எண்ணத்தை உணர்ந்த இந்திரசித்து மெல்ல மறைந்து இலங்கைக்குப் போகிறான். திரும்பி வந்து அதே அஸ்திரத்தை அவனே ஏவுகிறான். இலக்குவனும் வானரச் சேனையும் சாய்கிறார்கள். அனுமன் மருந்து மலையைத் தூக்கி வர வேண்டியிருக்கிறது. அணுவாயுதம் வேண்டும் என்று வாதாடும் வழக்கறிஞருக்கு இந்தப் படலம் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார்: அடக்கம் காட்டியவன் அடி வாங்கினான், பார்த்தீர்களா?

அதனால் வீரமந்திரியின் வாதம் விழுந்துவிடுகிறதா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். கொலை நடப்பதால் கொலைக்கு எதிரான சட்டம் இல்லை என்று ஆகாது. இந்திரசித்தின் செயலைக் கம்பன் பாராட்டவில்லை; அசுவத்தாமன் தலைமணியை இழந்து, சாபம் சுமந்து அலைகிறான். விதி மீறப்பட்டது என்று கதையே சொல்கிறது என்றால், விதி இருந்தது என்றுதானே பொருள். லாத்தரன் விஷயத்தில் மட்டும் அவர் சாட்சி தடுமாறுகிறது. 'எங்கள் ஆட்களுக்கு மட்டும்' என்ற தடையை உலகுக்குப் பொதுவான மனச்சாட்சி என்று காட்டுவது கடினம். மத நூல்களைச் சாட்சியாக அழைப்பதில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான். அவை ஒருமுகமாகப் பேசுவதில்லை, நமக்கு வேண்டிய வரியை நாமே பொறுக்கிக்கொள்ளலாம். வேறொரு நீதிபதி வேறு வரிகளைப் பொறுக்கியிருந்தால் வேறு தீர்ப்பு வந்திருக்கும்.

அவருடைய முறை சிறப்பாக வேலை செய்தது என்று நான் நினைப்பது அடுத்த ஆண்டு வந்த டான்யூப் நதி வழக்கில்தான். ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1977இல் சேர்ந்து அணைகள் கட்ட ஒப்பந்தம் போட்டன. சுற்றுச்சூழல் கெடும் என்று ஹங்கேரி 1989இல் வேலையை நிறுத்தியது, 1992இல் ஒப்பந்தமே ரத்து என்றது. செக்கோஸ்லோவாக்கியப் பக்கம் தன்னந்தனியாக நதியைத் திருப்பிவிட்டார்கள். வளர்ச்சியா சுற்றுச்சூழலா என்ற பழைய மல்லுக்கட்டு. 1997 செப்டம்பர் 25இல் நீதிமன்றம் இரு தரப்பும் தவறு செய்தன என்று சொல்லி, நிலைத்த வளர்ச்சி என்ற கருத்தைக் கொஞ்சமாகத் தொட்டுவிட்டு நகர்ந்தது. அப்போது துணைத்தலைவராக இருந்த வீரமந்திரி தனிக் கருத்து எழுதினார். நிலைத்த வளர்ச்சி வெறும் கருத்து அல்ல, நாடுகளைக் கட்டுப்படுத்தும் வழக்கச் சட்டக் கொள்கை என்றார். ஐரோப்பிய நதி வழக்கில் அதற்கு அவர் அழைத்த சாட்சி இலங்கையின் குளங்கள்.

இலங்கைத் தமிழில் குளம் என்றால் தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சொல்லும் பெரிய நீர்த்தேக்கம். அனுராதபுரம், பொலன்னறுவை தொடங்கி வன்னி வரை அந்த நிலமே குளங்களால் தைத்தது. ஊர்ப் பெயர்களில் பாதி குளத்தில் முடியும். பயிருக்குப் பெரிய குளம், ஊருக்குச் சின்னக் குளம், வண்டலைத் தடுக்க ஒன்று, காட்டு விலங்குகள் தண்ணீர் குடிக்கக் காட்டுக்குள் ஒன்று என்று அந்த அமைப்பை அவர் விரித்துக் காட்டினார். பெய்யும் மழையில் ஒரு துளிகூட மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்று 12ஆம் நூற்றாண்டில் மன்னன் முதலாம் பராக்கிரமபாகு சொன்னதாக வரும் வாக்கையும் எடுத்தார். பண்டைய இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனுக்குப் பௌத்தத் துறவி மகிந்த தேரர் சொன்னதாக மரபு கூறும் உபதேசத்தையும் எடுத்தார். பறவைக்கும் விலங்குக்கும் இந்த நிலத்தில் உனக்குள்ள அதே உரிமை உண்டு, நிலம் மக்களுக்கும் உயிர்களுக்கும் சொந்தம், மன்னா நீ காவலன் மட்டுமே என்பது அதன் சாரம்.

இங்கே சாட்சியம் இதிகாசத்தைப் போல நழுவுவதில்லை. குளம் இருக்கிறது, மதகு இருக்கிறது, இன்றும் தண்ணீர் பாய்கிறது. கொள்கை வெறும் சொல்லாக இல்லாமல், ஈராயிரம் ஆண்டுகள் மனிதர்கள் செய்து காட்டிய காரியமாக நிற்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யக் குளக்கரைக்குத்தான் போக வேண்டும்.

மாறுபட்ட கருத்துக்கும் தனிக் கருத்துக்கும் சட்டத்தில் கட்டுப்படுத்தும் வலு கிடையாது. ஆனால் அவை வேறு எங்காவது போய் முளைக்கும். அனுராதபுரம் மாவட்டத்தில் எப்பாவல என்ற இடத்தில் பாஸ்பேட் படிவு இருக்கிறது. (மறுபடியும் பாஸ்பேட்.) அதை வேகமாக வெட்டியெடுக்க ஓர் அமெரிக்க நிறுவனத்துடன் சேர்ந்து இலங்கை அரசு திட்டம் போட்டபோது, வயலும் வீடும் இழக்கவிருந்தவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அடிப்படை உரிமை வழக்கு, அசல் பொதுச்சட்டம். 2000ஆம் ஆண்டில் நீதிபதி அமரசிங்க எழுதிய தீர்ப்பில் வீரமந்திரியின் டான்யூப் கருத்து இடம்பெற்றது. அரசின் அங்கங்கள் இயற்கை வளத்துக்குக் காவலர்களே, உரிமையாளர்கள் அல்ல என்ற வாதம் இப்போது கட்டுப்படுத்தும் தீர்ப்பாகவே வந்தது. முறையான சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கும்வரை திட்டத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று அரசுக்கு உத்தரவு. மகிந்த தேரர் மிகிந்தலையில் சொன்னதாக வழங்கும் வாக்கு ஹேக் வழியாகச் சுற்றிக்கொண்டு, அதே மாவட்டத்திலுள்ள எப்பாவலவுக்குத் திரும்பி வந்து சேர்ந்தது. 2025 ஜூலையில் பருவநிலை மாற்றம் பற்றிய ஆலோசனைக் கருத்தில், நிலைத்த வளர்ச்சியும் தலைமுறைகளுக்கிடையிலான நியாயமும் சட்டத்துக்குப் பொருள் கொள்ள வழிகாட்டும் கொள்கைகள் என்று சர்வதேச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அவர் கேட்ட அளவுக்கு அது போகவில்லை. ஆனால் அந்தத் திசைதான்.

துணைத்தலைவர் பதவி அவரை இன்னொரு நெருக்கடியிலும் நிறுத்தியது. தலைவர் ஷ்வேபல் அமெரிக்கர் என்பதால் அமெரிக்கா சம்பந்தப்பட்ட வழக்குகளில் வீரமந்திரியே தலைமை ஏற்பார். 1999 மார்ச் 2ஆம் தேதி ஜெர்மனி ஓடி வந்தது: அரிசோனாவில் தன் குடிமகன் வால்டர் லாகிராண்டுக்கு மறுநாள் மரண தண்டனை, கைது செய்தபோது தூதரக உதவி உரிமையைச் சொல்லவே இல்லை. விசாரணைக்கு நேரமில்லை. வாதம் எதுவும் கேட்காமலே, அவருடைய தலைமையில், நீதிமன்றம் மறுநாளே தண்டனையை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. அரிசோனா அன்றே தண்டனையை நிறைவேற்றியது.

ஹேக்கில் இருந்த காலத்திலேயே 1998இல் கிறிஸ்தவர்களின் கர்த்தர் ஜெபத்தைச் சட்டக்காரர் கண்ணால் படித்து ஒரு நூல் எழுதினார். 'எங்கள் பிதாவே' என்ற பன்மையில் சமத்துவத்தையும், அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்கும் வரியில் பொருளாதார உரிமையையும் பார்க்கிற வாசிப்பு அது. முதல் நூலில் கடன் ஒப்பந்தங்களை அலசியவர், 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்ற வரிக்கு வந்து சேர முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 2000இல் ஓய்வு பெற்றுக் கொழும்பு திரும்பி, அமைதிக் கல்விக்கென ஒரு மையத்தை நிறுவினார். 2006இல் யுனெஸ்கோவின் அமைதிக் கல்வி விருது, 2007இல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது. 2009இல் மதங்களும் சுற்றுச்சூழலும் பற்றிய பெரிய நூல். 2017 ஜனவரி 5இல் தன் 90ஆவது வயதில் காலமானார்.

அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, ஹேக் கருத்துரைக்கு 21 ஆண்டுகள் நிறைய ஒரு நாள் இருக்கும்போது, அணுவாயுதத் தடை உடன்படிக்கை ஐ.நா.வில் 122 நாடுகளின் வாக்குகளோடு நிறைவேறியது. எந்தச் சூழலிலும் கூடாது என்பது அதன் முதல் விதி. மனிதநேயத்தின் கோட்பாடுகளையும் பொது மனச்சாட்சியின் கட்டளைகளையும் அதன் முகவுரை குறிப்பிடுகிறது. இந்தத் தடைக்காக உழைத்தவர்கள் என்று அதே முகவுரை சொல்லும் பட்டியலில் ஹிபாகுஷா என்கிற ஹிரோஷிமா, நாகசாகி உயிர் தப்பியவர்களோடு மதத் தலைவர்களும் கல்வியாளர்களும் இருக்கிறார்கள். 2021 ஜனவரி 22இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2023 செப்டம்பரில் சேர்ந்தது. அணுவாயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றும் இதுவரை சேரவில்லை.